மாத்திரையைக் கூட்ட ஆள் உண்டு… குறைக்க ஆள் இல்லை!

ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மறதி நோயோடு வாழும் முதியவர்களும் அவர்களின் மருந்துப் பையும்

சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பிபி மாத்திரையும் கூடவே வருகிறது. மூட்டுவலிக்குத் தெருமுனை மெடிக்கலில் ஒரு 'செட்' கிடைக்கும். தூக்கம் வரவில்லை என்றால் கிளினிக்கில் சீட்டு எழுதித் தருவார்கள். மறதி முற்றிவிட்டால் சென்னைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்க்கலாம். மாத்திரையைத் தொடங்கிவைக்க இத்தனை இடங்கள் இருக்கின்றன. 'இதில் எது இனிமேல் வேண்டாம்?' என்று கேட்பதற்கு மட்டும் போக இடமில்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை இளைஞர்களின் ஊர் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு ரெனோ-நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று கம்பெனிகள் வரிசைகட்டின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஆனால், கம்பெனி மதில்களுக்கு நடுவே பழைய ஊர்த் தெருக்களும் இருக்கின்றன. ஏரித் தண்ணீரில் நெல் விளைத்து, பிறகு சிப்காட்டுக்கு நிலம் போய், மிச்ச இடத்தில் வாடகைக்கு அறைகள் கட்டிவிட்ட தலைமுறை அங்கே எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடும்பம் ஆனவர்களும் ஊரில் தனியாக இருந்த அப்பா, அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவிகிதம். 2031-ல் இது 18 சதவிகிதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. இந்த வயதில் மறதி தனியாக வருவது அபூர்வம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், மூட்டு என்று ஏற்கெனவே ஒரு பட்டாளம் குடியிருக்கும் உடம்புக்குள்தான் அதுவும் வந்து சேர்கிறது. நோய்க்கு ஒரு டாக்டர், டாக்டருக்கு மூன்று மாத்திரை என்று கணக்கு ஏறுகிறது.

பெயர் வேறு, மருந்து ஒன்று

இந்தப் பகுதியில் எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆயாவுக்கு 74 வயது. சர்க்கரையும் பிபியும் பல வருடங்களாக உண்டு. இரண்டு வருடமாக ஞாபகம் நழுவுகிறது. மகன் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மருமகளுக்கு செல்போன் கம்பெனியில் வேலை. பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாத்திரைகள் எல்லாம் துணிக்கடை கட்டைப்பை ஒன்றில் கிடக்கின்றன.

அந்தப் பையிலிருந்து ஒவ்வோர் அட்டையாக எடுத்துத் தரையில் பரப்பிப் பாருங்கள். அரசு வழங்கிய அட்டையில் மெட்ஃபார்மின். பக்கத்திலேயே தனியார் கிளினிக் எழுதிய கிளைகோமெட் ஜிபி. அதற்குள்ளும் மெட்ஃபார்மின்தான், கூடவே கிளிமிபிரைடு. அரசு அட்டையில் பிபிக்கு அம்லோடிபின். கிளினிக் சீட்டில் டெல்மா ஏஎம். அந்த 'ஏஎம்' என்பதே அம்லோடிபின்தான். ஆயா ஒரே மருந்தை இரண்டு பெயரில், இரண்டு நிறத்தில், இரண்டு மடங்கு விழுங்குகிறார். எந்த டாக்டரும் தப்பாக எழுதவில்லை. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்படி ஆவதற்கு இந்த வட்டாரத்தின் அமைப்பே ஒரு காரணம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிபி மருந்துகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்ற நல்ல திட்டம். இன்னொரு பக்கம் இஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அங்கே மருந்து உண்டு. கான்ட்ராக்ட் முடிந்து வேலை போனாலோ, சம்பளம் கூடி வரம்பைத் தாண்டினாலோ அந்தச் சலுகை சிக்கலாகும். கம்பெனி கொடுக்கும் குரூப் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் கைகொடுக்கும். தினசரி மாத்திரைக்கு உதவாது. ஆக, மகனின் வேலை மாறும்போதெல்லாம் ஆயாவின் டாக்டரும் மாறுகிறார். பழைய டாக்டரின் மாத்திரைகள் மட்டும் பையை விட்டுப் போவதில்லை.

மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார் என்பது அடுத்த சிக்கல். சீட்டில் '1-0-1' என்று இருக்கும். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. டாக்டரின் கணக்கில் காலையும் ராத்திரியும் எப்போதும் ஒன்றுதான். ஷிஃப்ட் கணக்கில் அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் மகன் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறார், அடுத்த வாரம் அந்த நேரத்தில்தான் வீடு திரும்புகிறார். ஒரு வாரம் மருமகள் கொடுப்பார், ஒரு வாரம் பேத்தி கொடுப்பாள், இடையில் ஆயாவே எடுத்துப் போட்டுக்கொள்வார். "மாத்திரை போட்டியா ஆயா?" என்று கேட்டால் "போட்டேனே" என்பார். போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம், இரண்டு முறையும் போட்டிருக்கலாம்.

சர்க்கரை இறங்கினாலும் மறதி மாதிரிதான் தெரியும்

சாதாரண முதியவருக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்வார். தலை சுற்றுகிறது, வாய் உலர்கிறது, படபடப்பாக இருக்கிறது என்பார். மறதி நோயாளிக்கு அதைச் சொல்லத் தெரியாது. கோபப்படுவார், சாப்பிட மறுப்பார், உளறுவார். பார்ப்பவர்களும் 'நோய் முற்றிவிட்டது' என்றே முடிவுகட்டுவார்கள்.

இதில் மிக ஆபத்தானது சர்க்கரை தாழ்ந்துபோவது. சாப்பிட்டோமா இல்லையா என்பதே நினைவில்லாதவர், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகள் உடம்பில் நீண்ட நேரம் வேலை செய்பவை. வயதானால் சிறுநீரகத்தின் வேகம் குறைவதால் மருந்து இன்னும் தாமதமாக வெளியேறும். நள்ளிரவில் வியர்த்து, குழம்பி, எழுந்து நடந்து கீழே விழுந்தால் அதைச் 'சர்க்கரை இறக்கம்' என்று யாரும் சந்தேகிப்பதில்லை. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

அதனால்தான் அமெரிக்க நீரிழிவு சங்கம், பல நோய்களோ நினைவாற்றல் குறைபாடோ உள்ள முதியவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் கெடுபிடி காட்டச் சொல்வதில்லை. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 8 சதவிகிதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. 45 வயது மகனுக்கும் 74 வயது அம்மாவுக்கும் ஒரே இலக்கு வைக்கக் கூடாது என்பது இதன் பொருள்.

மெட்ஃபார்மினிலும் ஒரு விஷயம் உண்டு. வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். பி12 குறைந்தால் பாதம் எரியும், ஞாபகமும் மங்கும். பாத எரிச்சலுக்கு 'நரம்பு மாத்திரை' என்று அமிட்ரிப்டிலின் எழுதப்பட்டால் மறதி இன்னும் கூடும். பி12 ஊசியும் மாத்திரையும் விலை மலிவானவை. ஆனால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே!

ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால்…

மறதி நோய்க்கு அதிகம் எழுதப்படும் மாத்திரை டோனெபெசில். மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் சிதைந்துபோகாமல் அது காக்கிறது. நோயைக் குணப்படுத்தாது, நினைவுக்குக் கொஞ்சம் முட்டுக்கொடுக்கும். அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் ஏராளம். சளிக்குத் தரும் குளோர்ஃபெனிரமின், வயிற்று வலிக்குத் தரும் டைசைக்ளோமின், சிறுநீரை அடக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின், முன்பு சொன்ன அமிட்ரிப்டிலின், மனநல மருந்துகளோடு கை நடுக்கத்துக்கு என்று சேர்த்துத் தரும் பேசிடேன் எல்லாமே அந்த வகை. இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பது, ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து இறங்கிய புது வண்டியில் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதிப்பது மாதிரிதான். வண்டி நகராது, எஞ்சின் மட்டும் கெடும். மறதி மாத்திரைக்கு மாதாமாதம் செலவு செய்துவிட்டு, சளிக்கு மெடிக்கலில் வாங்கிய செட்டில் அதன் பலனை ஒழித்துவிடுகிறோம்.

அந்தச் 'செட்'டுக்கே தனிக் கட்டுரை எழுதலாம். "அண்ணா, கால் வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் அட்டையில் வெட்டிய மூன்று நான்கு மாத்திரைகள் காகிதத்தில் மடித்து வரும். பெயரும் தெரியாது, அளவும் தெரியாது. டைக்ளோஃபெனாக் இருக்கலாம், சில இடங்களில் ஸ்டீராய்டும் இருக்கலாம். சில வகை பிபி மாத்திரைகளும் நீர் பிரியும் மாத்திரையும் எடுத்துக்கொள்பவர் கூடவே டைக்ளோஃபெனாக்கும் போட்டால் சிறுநீரகத்துக்கு மும்முனை அடி. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரையைப் பார்த்து அடுத்த டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார்.

மருந்தால் வந்த நோய்க்கு இன்னொரு மருந்து

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு வேறு மருந்து எழுதுவதை, மருந்துச் சங்கிலி என்று சொல்லலாம். கனடாவின் பவுலா ரோஷனும் அமெரிக்காவின் ஜெர்ரி கர்விட்ஸும் 1990-களில் இதற்கு ஒரு பெயர் சூட்டி மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்ச் சங்கிலி பெரும்பாலும் இப்படிப் போகும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. அதனால் ராத்திரி நாலு முறை எழுந்து பாத்ரூம் போக வேண்டும். தூக்கம் கெடும். தூக்கத்துக்கு அல்பிரசோலம். அந்த மயக்கத்தில் எழுந்து நடந்தால் விழுவார். விழுந்தால் வலி மாத்திரை.

டோனெபெசிலும் சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் செய்யும். அது தெரியாமல் ஆக்ஸிபியூட்டினின் எழுதப்படுவதை ஒண்டாரியோவில் நடந்த ஆய்வு ஒன்று 2005-லேயே காட்டியது. டோனெபெசில் இதயத் துடிப்பையும் குறைக்கும். அட்டெனோலால் போன்ற பிபி மாத்திரையும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் திடீர் மயக்கம் வரலாம். சங்கிலியை அறுக்க வேண்டுமென்றால் புது அறிகுறி தோன்றியதும் முதலில் கேட்க வேண்டியது, 'கடைசியாக எந்த மாத்திரை சேர்ந்தது?' என்பதைத்தான்.

நைட் ஷிஃப்ட் வீட்டில் தூக்க மாத்திரை

எல்லாவற்றிலும் கனமான பிரச்னை இதுதான். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர் பகலில் தூங்கியாக வேண்டும். ஒற்றை அறை, தகரக் கூரை. ஆயாவுக்குப் பகலெல்லாம் அரைத்தூக்கம், பொழுது சாய்ந்தால் பரபரப்பு. "எங்க வீட்டுக்குப் போவணும்" என்று முந்தானையை உதறிக்கொண்டு கிளம்புவார். அவர் தேடுவது சிறுவயது வீட்டை. வெளியே போனால் வண்டலூர் - வாலாஜாபாத் சாலை, டிரெய்லர் லாரிகள் நிற்காமல் ஓடும் சாலை. கதவைப் பூட்டினால் தட்டிக்கொண்டே இருப்பார். வீட்டுக்காரர்கள் டாக்டரிடம் போய், "ஏதாவது குடுங்க சார், நாங்க வேலைக்குப் போவணும்" என்று கேட்பதில் குற்றமில்லை. ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போகும், கான்ட்ராக்ட் என்றால் வேலையே போகலாம்.

அப்போது எழுதப்படுவது தூக்க மாத்திரை, அல்லது குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து. இவை மறதி நோய்க்கான மருந்துகள் அல்ல. இவற்றின் விலை என்ன என்பதை உலகம் கசப்போடு கற்றது. 17 ஆய்வுகளை அலசிய அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மறதி நோயுள்ள முதியவர்கள் புதுவகை மனநோய் மருந்துகளை எடுத்துக்கொண்டால் இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு கூடுவதாக 2005-ல் உயர்ந்தபட்ச எச்சரிக்கை விடுத்தது. 2008-ல் பழைய வகை மருந்துகளையும் அதில் சேர்த்தது. இங்கிலாந்தில் பேராசிரியர் சுபே பானர்ஜி 2009-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் கணக்கு இன்னும் துல்லியம். ஆண்டுக்கு 1,80,000 மறதி நோயாளிகளுக்கு இம்மருந்துகள் தரப்படுகின்றன, அதனால் 1,800 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்றது அது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், மனநோய் மருந்தைத் தொடர்ந்தவர்களில் இரண்டு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 46 சதவிகிதம். வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 71 சதவிகிதம்.

அப்படியானால் குடும்பம் என்னதான் செய்வது? நார்வேயில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு நல்ல விடை தருகிறது. 18 முதியோர் இல்லங்களில் கிளர்ச்சியும் பரபரப்பும் இருந்த 352 மறதி நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வலி நிவாரணத்தைப் படிப்படியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்குக் கிடைத்தது சாதாரண பாராசிட்டமால். பரபரப்பு கணிசமாகக் குறைந்தது. கத்தலுக்கும் அடிதடிக்கும் பின்னால் சொல்லத் தெரியாத மூட்டு வலி இருந்திருக்கிறது! வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பசி, காது கேளாமை, இருட்டு, பழக்கமில்லாத இடம்… மாத்திரைக்கு முன்னால் இவற்றைத் தேட வேண்டும். பகலில் நடக்கவைப்பதும், மதியத் தூக்கத்தைக் குறைப்பதும், போன் நம்பர் பொறித்த வளையலைக் கையில் மாட்டிவிடுவதும் சிறிய விஷயங்கள் அல்ல.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மனநோய் மருந்து தேவைப்படலாம். அப்போதும் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும்தான். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை வேண்டும் என்கிறது பிரிட்டனின் வழிகாட்டி. நம் வீடுகளில் ஆறு வாரத்துக்கு எழுதிய சீட்டு ஆறு வருடம் ஓடுகிறது.

குறைப்பதும் வைத்தியம்தான்

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவர் மார்க் பீயர்ஸ் 1991-ல் முதன்முதலாகத் தொகுத்தார். அது அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டுவருகிறது. அயர்லாந்து மருத்துவர்களின் பட்டியல் இன்னொரு படி மேலே போய், எதை நிறுத்துவது என்பதோடு விட்டுப்போன எதைத் தொடங்குவது என்பதையும் சொல்கிறது. இஸ்ரேலில் டோரன் கார்ஃபிங்கல், வீட்டில் வசித்த 70 முதியவர்களின் மருந்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பாதிக்கும் மேற்பட்டவற்றை நிறுத்தப் பரிந்துரைத்தார். மறுபடியும் தொடங்க வேண்டிவந்தவை 2 சதவிகிதம்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு என்றாலும், 2010-ல் அது கிளப்பிய கேள்வி பெரிது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே மாத்திரையை நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். டோனெபெசிலை நிறுத்தினால் சிலருக்கு மறதி சட்டென்று கூடும். இன்சுலின், இதய மருந்து, வலிப்பு மருந்து எல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்டவை. குறைப்பதும் டாக்டர் பார்த்துச் செய்யவேண்டிய வைத்தியம். ஒரு நேரத்தில் ஒரு மருந்து, மெதுவாக, கவனித்துக்கொண்டே குறைக்க வேண்டும்.

பையோடு போய்க் கேளுங்கள்!

● வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து, சத்து மாத்திரை, சொட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

● ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்: இது எதற்கு? இன்னமும் தேவையா? எத்தனை நாளுக்கு? இன்னொன்றிலும் இதே மருந்து இருக்கிறதா?

● சிறுநீரகச் செயல்பாடு (கிரியாட்டினின்), சோடியம், பி12, தைராய்டு பரிசோதனை எப்போது செய்தது என்று பாருங்கள்.

● இரண்டு வேளை மருந்தை ஒரு வேளையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஷிஃப்ட் வீட்டுக்கு அது பெரிய உதவி.

● கிழமை, வேளை வாரியாகக் கட்டம் பிரித்த டப்பா வாங்கி, வாரம் ஒருமுறை ஒருவரே நிரப்புங்கள். மீதி மருந்தைப் பூட்டிவையுங்கள்.

● திடீரென ஓரிரு நாளில் குழப்பம் கூடினால் அது பெரும்பாலும் மறதி நோய் முற்றியது அல்ல. சர்க்கரை இறக்கம், தொற்று, புது மருந்து என்று ஏதோ ஒன்று இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

● உதவிக்கு: முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104. மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024.

யார் செய்வது?

இந்த விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே முதல் முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. ஆனால், சுங்குவார்சத்திரத்திலிருந்து ஆயாவைக் கிண்டிக்குக் கூட்டிப்போக மகனோ மருமகளோ ஒருநாள் சம்பளத்தை விட வேண்டும். நிபுணர் இருக்கும் இடம் ஒன்று, பை இருக்கும் இடம் இன்னொன்று.

இரண்டையும் இணைக்கக்கூடியவர் ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். அவர்தான் மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர். கோவாவில் 81 குடும்பங்களிடம் செய்து, 2008-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீடுவீடாகப் போனதாலேயே மறதி நோயாளிகளைப் பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. அவர்கள் டாக்டர்கள் அல்ல, பின்னால் மேற்பார்வைக்கு ஒரு மனநல மருத்துவர் இருந்தார். அதே முறை இங்கும் நடக்கும். தன்னார்வலர் இன்று தன் பதிவேட்டில் தான் கொடுக்கும் மாத்திரைகளை எழுதுகிறார். வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளையும் எழுத ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். ஐந்துக்கு மேல் போனால், அல்லது மறதி இருந்தால், அந்தப் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரிடம் போகட்டும். அவர் இரட்டிப்பையும் மோதலையும் குறித்துக் கொடுக்கட்டும். மாதம் ஒருநாள் தாலுகா மருத்துவமனையில் மருத்துவர் அந்தப் பட்டியலை மட்டும் பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் கிண்டியோடு வீடியோவில் பேசட்டும். இஎஸ்ஐ மருந்தகங்களும் இதே பட்டியலைப் பார்க்க வழிசெய்ய வேண்டும். புதுக் கட்டடமோ புது மருந்தோ இதற்குத் தேவையில்லை.

கம்பெனிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளுக்கு ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளும் உரிமை கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியை முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு ஒதுக்கலாம். ஆயா பகலில் பத்துப் பேரோடு நடந்து, பேசி, சாப்பிட்டு வந்தால் ராத்திரி தூக்க மாத்திரைக்கு அவசியம் குறையும். மகனும் நிம்மதியாகத் தூங்குவார்.

இது பெற்றோரோடு முடியும் கதையும் அல்ல. சர்க்கரை, பிபி, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, புகை, குடி உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் 45 சதவிகித மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் ஆணையம் சொன்னது. இவற்றில் பலவற்றுக்கு நடுவயதில்தான் கடிவாளம் போட வேண்டும். இன்று பிரஸ் ஷாப் சத்தத்தில் காதை இழந்துகொண்டு, கேன்டீன் சோறும் கெட்ட தூக்கமுமாக ஷிஃப்ட் பார்க்கும் 40 வயதுக்காரருக்கு இன்னும் 30 வருடத்தில் ஒரு பை தயாராகும். அதில் எத்தனை மாத்திரை இருக்கும் என்பதை அவருடைய இந்த வருட பிபி, சுகர், காதுப் பரிசோதனைகள் தீர்மானிக்கின்றன. அந்தப் பையைத் திறந்து பார்க்க அப்போது ஒரு டாக்டர் இருப்பாரா என்பதை அரசு இப்போது தீர்மானிக்க வேண்டும்.